டெங்கு: கொசுவுக்கு ஒரு வாரம், காய்ச்சலுக்கு ஒரு வாரம்

"அண்ணாச்சி, அந்த ஃபிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால இழுங்க" என்றார், கொசு ஒழிப்பு வேலைக்கு வந்திருந்த பெண். மொட்டை மாடி, கொல்லைப்புறம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் சிக்கவில்லை என்று நான் நிம்மதியாக நின்ற நேரம். இழுத்தேன். பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு. ஒன்பது வருடமாக வீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் இரண்டு விரற்கடை தண்ணீர். டார்ச் அடித்ததும் நூல் நூலாக ஏதோ நெளிந்து அடியில் போய் ஒளிந்தது. கூத்தாடிப் புழு.

எங்கள் வீட்டு மாடியில்தான் அக்கா குடும்பம் இருக்கிறது. அக்கா மகன், பதின்மூன்று வயது, அன்றைக்கு டெங்குவோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அவன் நேராகப் போவது எங்கள் ஃபிரிட்ஜுக்குத்தான்.

அதற்குப் பிறகு படித்தது, டாக்டரிடமும் அந்தப் பெண்ணிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது, வார்டில் உட்கார்ந்து பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரும் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக்கூடாது. ஆனால் எந்த நாளில் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் நாங்கள் பாதி தவறுகளைச் செய்திருக்க மாட்டோம். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறக்குறைய ஒரு வாரம். காய்ச்சல் தொடங்கி ஆபத்துக் கட்டம் தாண்டவும் ஏறக்குறைய ஒரு வாரம். இந்த இரண்டு வாரக் கணக்கையும் பற்றித்தான் கீழே எழுதியிருப்பது எல்லாம்.

முதலில் கொசுவைத் தெரிந்துகொள்வோம்

டெங்குவைப் பெரும்பாலும் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி என்ற கொசு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள், முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடு. இதன் பங்காளி ஏடிஸ் அல்போபிக்டஸ். அது வீட்டைவிடத் தோட்டம், தோப்புப் பக்கம் அதிகம் இருக்கும். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கக் கட்டும் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நின்றால் அதற்குக் கொண்டாட்டம்.

ராத்திரியில் காதோரம் ரீங்காரம் போட்டு நம்மைத் தூங்கவிடாத கொசு வேறு. அது கியூலெக்ஸ், சாக்கடையில் பிறப்பது, யானைக்கால் நோயைப் பரப்புவது. டெங்கு கொசு சத்தமே போடாமல் வரும். மேசைக்கு அடியில், கணுக்கால் பக்கம் கடித்துவிட்டுப் போகும். பகலில் கடிக்கும், அதிலும் விடிந்த கொஞ்ச நேரத்திலும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்திலும் அதிகம். நம் ஆள் கையை அசைத்தால் பறந்துபோய்ப் பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும். ஒரே வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்துப் படுப்பதற்கு இந்தக் குணம் ஒரு காரணம்.

தெருச் சாக்கடையைத் தூர்வாரவில்லை, அதனால்தான் டெங்கு என்று எங்கள் தெருவில் ஒரு கூட்டமே சண்டை போட்டது. சாக்கடையைத் தூர்வாரத்தான் வேண்டும், அந்தச் சண்டை நியாயமானதுதான். ஆனால் டெங்கு கொசு பெரும்பாலும் நாம் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது. அன்று சண்டை போட்டவர்களில் இரண்டு பேர் வீட்டுத் தொட்டியிலேயே புழு இருந்தது. என் வீட்டுக் கதையைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

ஒரு பெண் கொசு ஒரு தடவைக்கு 100 முட்டை வரை இடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இடாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று நாலைந்து பாத்திரங்களில் பிரித்து இடும். அதுவும் தண்ணீருக்குள் இடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கரித்தூள் சிந்தியதுபோல் இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். எட்டு மாதம் வரைகூடக் காய்ந்து கிடந்து, அடுத்த தடவை தண்ணீர் ஏறியதும் பொரியும். பொரிந்தால் ஏழிலிருந்து பத்து நாளில் கொசு.

தூரம் பறக்காத கொசு இது. பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே சுற்றும், மிஞ்சிப்போனால் 400 மீட்டர். அதனால் உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டில் பிறந்திருக்கும், இல்லையென்றால் நாலு வீடு தள்ளிப் பிறந்திருக்கும்.

கொசு பிறக்கும்போதே பெரும்பாலும் டெங்குவோடு பிறப்பதில்லை. டெங்கு உள்ள ஒருவரைக் கடித்து, 8 முதல் 12 நாள் கழித்துத்தான் அதனால் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். அதற்குப் பிறகு சாகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும். இதில் சங்கடம் என்னவென்றால், வைரஸ் தொற்றியவர்களில் நாலில் மூன்று பேருக்கு ஒன்றுமே தெரியாது. அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருப்பார்கள், கொசுவும் அவர்களைக் கடித்துக்கொண்டிருக்கும்.

மழைக்காலத்து நோய்தானே என்று கோடையில் அசந்துவிடுவதும் தவறு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அதிகம் வருவது உண்மை. ஆனால் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், மழையே இல்லாத மாதத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் குடம், பேரல், சிமென்ட் தொட்டி என்று தண்ணீர் நிற்கும். கொசுவுக்கு அது போதும். 1956இலேயே நம் வேலூரில் டெங்கு இருந்ததற்குச் சான்று கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 12,826 பேருக்கு வந்து 66 பேர் இறந்தார்கள். 2017இல் 23,294 பேருக்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். அதே 2017இல் இலங்கை பட்ட பாடு இன்னும் பெரிது. அந்தச் சின்ன நாட்டில் 1,86,101 பேருக்கு வந்தது, நானூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வீட்டுக்குள் ஒரு சுற்று

கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பகலானாலும் டார்ச் வேண்டும். வெளிச்சம் பட்டால் புழு நெளிந்து அடியில் ஓடும், உடனே தெரிந்துவிடும். கால்புள்ளி போல் சுருண்டு மிதப்பது கூட்டுப்புழு. அது கண்ணில் பட்டால் இரண்டு மூன்று நாளில் பறக்கப் போகிறது என்று பொருள்.

ஃபிரிட்ஜின் பின்தட்டிலிருந்து தொடங்குங்கள். எல்லா மாடலிலும் அது ஒரே இடத்தில் இருக்காது, தேட வேண்டும். அடுத்து மணி பிளான்ட் பாட்டில், வாஸ்துவுக்கு வாங்கிவைத்த மூங்கில் செடியின் கண்ணாடிக் குவளை. வாசலில் பூ மிதக்கவிடும் உருளி. பூவைத் தினமும் மாற்றுவோம், தண்ணீரை மாற்ற மாட்டோம். சமையலறை அலமாரியின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் இருக்க வைக்கும் கிண்ணங்கள். அதில் தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரோ எண்ணெயோ விடலாம். ஏர்கூலர் தொட்டி. யாரும் புழங்காத கழிவறையின் கோப்பையும் ஃபிளஷ் தொட்டியும். ஊருக்குப் போய் பத்து நாள் கழித்துத் திரும்பும்போது கதவைத் திறந்ததும் ஒரு கூட்டம் பறந்து வருகிறதே, அது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

கொல்லையில் முதல் குற்றவாளி ஆட்டுக்கல். கிரைண்டர் வந்த பிறகு அதைத் தூக்கிப் போடவும் மனம் வராமல், பயன்படுத்தவும் செய்யாமல் மூலையில் போட்டிருப்போம். குழியில் மழைத் தண்ணீர் நிற்கும். மண்ணைப் போட்டு நிரப்பி ஒரு துளசியை நட்டுவிடுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, தேங்காய் சிரட்டை, டீக்கடை பிளாஸ்டிக் கப், உடைந்த பக்கெட், தகரக் கூரை பறக்காமல் இருக்க மேலே போட்ட பழைய டயர். டயருக்குள் வளைவில் தண்ணீர் நின்றால் கவிழ்த்தாலும் முழுதாகக் கொட்டாது. ஒன்று, துளை போடுங்கள். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்காரரிடம் தள்ளிவிடுங்கள்.

மாடியில் சன்ஷேடு, மழைநீர்க் குழாயின் அடைபட்ட வாய், மூடி விலகிய தண்ணீர் டேங்க். டேங்கின் மூடியை எல்லோரும் பார்ப்பார்கள். தண்ணீர் நிரம்பினால் வழியும் குழாயை யாரும் பார்ப்பதில்லை. அதன் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். அப்புறம், கோடையில் பறவைகளுக்கு நாம் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம். என் மனைவி வைப்பாள், நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. தினமும் காலையில் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றினால் போதும்.

பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள் என்றால் அதையும் ஒரு நடை பாருங்கள். சிமென்ட் கலக்கும் தொட்டி, டிரம், தளத்தின் மேல் கியூரிங்குக்குக் கட்டிய பாத்தி, லிஃப்ட் குழி. கொத்தனாரிடம் நயமாகச் சொன்னால் கேட்பார். கேட்காவிட்டால் உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லலாம். கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பவர்கள்மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில், 1939இலிருந்தே, வழி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலை

வாரம் ஒரு நாள் எல்லாத் தண்ணீரையும் காலி செய்யச் சொல்கிறார்களே, அந்த ஒரு நாளை எது என்று முடிவு செய்வதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நம் வீடுகளில் ஏற்கெனவே வியாழன் சாயங்காலமோ வெள்ளி காலையோ வீடு கழுவி, விளக்கு தேய்க்கும் பழக்கம் இருக்கிறது. பேரலையும் அதோடு சேர்த்துவிட்டால் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கொட்டினால் மட்டும் போதாது என்று மேலே சொன்னேன். தண்ணீரைத் தரையில், மண்ணில் கொட்டுங்கள்; புழு அங்கே செத்துவிடும். பிறகு தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். அடியைவிடத் தண்ணீர் வழக்கமாக நிற்கும் மட்டத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு நன்றாகத் தேயுங்கள், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். எங்கள் நீலப் பேரலில் முதல் தடவை தேய்த்தபோது நாரில் கறுப்பாக மை போல் வந்தது. அழுக்கு என்றுதான் நினைத்தேன். கழுவி, வெயிலில் ஒரு மணி நேரமாவது கவிழ்த்து வையுங்கள். நிரப்பிய பிறகு பேரல் மூடியை நம்ப வேண்டாம், ஓரத்தில் இடைவெளி இருக்கும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாயில் போட்டு, சுற்றிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் மூடியை வையுங்கள்.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் வெள்ளிக்கிழமை தண்ணீரைக் கொட்டச் சொல்வது கொடுமைதான், எனக்குத் தெரியும். நாங்கள் செய்வது இது: பேரல் மூன்று இருந்தால் ஒன்றை முழுதாகப் பயன்படுத்திக் காலியானதும் தேய்ப்பது, அடுத்த நாள் அடுத்தது. ஏழு நாளுக்குள் ஒவ்வொன்றும் ஒருமுறை தேய்பட்டால் சரி.

வருடத்துக்கு ஒருமுறை பெரிய சுத்தம் செய்ய ஆயுத பூஜை வாகான நேரம். பெரிய மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது. எப்படியும் பரணை எல்லாம் இறக்கி ஒதுங்க வைக்கத்தானே போகிறோம், அப்படியே மாடிக்கும் ஏறிவிடுங்கள்.

சம்ப், கிணறு மாதிரிக் காலி செய்ய முடியாத தண்ணீர் இருக்கும். அங்கேதான் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஊற்றிவிட்டுப் போவது இதைத்தான். அவர்கள் ஊற்றும் அளவு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு, குடிநீருக்கும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. வாடை அடிக்கிறது என்று பலர் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கிணற்றிலும் பெரிய தொட்டியிலும் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம், புழுவை ஒன்றுவிடாமல் தின்றுவிடும்.

தெருவில் புகை அடித்தால்தான் ஏதோ நடக்கிறது என்று நமக்குத் திருப்தி. அந்தப் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. டெங்கு கொசு இருப்பதோ வீட்டுக்குள், தொங்கவிட்ட சட்டைகளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். நாம் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறோம்.

கடி வாங்காமல் இருக்க

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வலை. பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பகலிலேயே கொசுவலை. பிள்ளைகளுக்கு முழுக்கால், முழுக்கை. டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பை வெளியே தெரியும் தோலில் தடவலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக்கூடாது. கொசுவர்த்தியை ராத்திரி ஏற்றுவதால் இந்தக் கொசுவிடம் பெரிய பலன் இல்லை.

ஒன்றை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல்காரரைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், பகலிலும். காய்ச்சலின் முதல் ஐந்து நாள் அவர் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவரைக் கடிக்கும் கொசு பத்து நாள் கழித்து வீட்டில் இன்னொருவரைப் படுக்க வைக்கும்.

காய்ச்சல் வந்தால்: நாளை எழுதி வையுங்கள்

திடீரென்று 102, 103 டிகிரி காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, முறித்துப் போட்டதுபோல் உடம்புவலி, குமட்டல், சில பேருக்குத் தோலில் சிவப்புத் தடிப்பு. சளி இருமல் அவ்வளவாக இருக்காது. இதே கொசு பரப்பும் சிக்குன்குனியாவில் மூட்டுவலி முந்திக்கொண்டு நிற்கும். எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், மலேரியா, டைபாய்டு எல்லாம் தொடக்கத்தில் இதே மாதிரிதான் இருக்கும் என்பதால் நாமே முடிவு கட்டக்கூடாது.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் காலண்டரில் எழுதுங்கள். எங்கள் பையனுக்கு ஞாயிறு சாயங்காலம். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி "எத்தனாவது நாள்?" என்பதுதான். அக்கா மூன்று என்றாள், மாமா நாலு என்றார்.

நாங்கள் செய்த முதல் தவறு, தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்தது. ஊசியில் என்ன மருந்து என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது தசையில் ஊசி வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் எதுவும் வேண்டாம். வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்கும் கலவையில் இவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

பாராசிட்டமால் மட்டும். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் இல்லை. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 3 கிராமைத் தாண்டக்கூடாது. பிள்ளைகளுக்கு எடைக் கணக்குப்படி டாக்டர் சொல்லும் அளவு. காய்ச்சல் முழுதாக இறங்கவில்லையே என்று இன்னொன்று, இன்னொன்று என்று போடாதீர்கள். டெங்குவில் ஈரல் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். இளம் சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து உடம்பு துடையுங்கள்.

எந்தப் பரிசோதனை எந்த நாளில்

முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1, இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம்., வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். எடுத்து 'இல்லை' என்று வந்ததால் நிம்மதியாக இருந்தவர்களை வார்டில் பார்த்தேன். முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு என்.எஸ்.1 சீக்கிரமே மறைந்துவிடலாம், அதனால் அதிலும் 'இல்லை' என்று வந்தால் டெங்குவே இல்லை என்று பொருள் இல்லை.

இந்த இரண்டையும்விட முக்கியமானது சாதாரண இரத்த அணுக்கள் பரிசோதனை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் எடுக்கச் சொல்வார்கள். முதலில் வெள்ளை அணு குறையும், பிறகு தட்டணு (பிளேட்லெட்) குறையும். அந்தத் தாளிலேயே பி.சி.வி. அல்லது ஹெமடோகிரிட் என்று ஒரு வரி இருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது. இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்தால் மிச்சமிருக்கும் இரத்தம் கெட்டியாகும், இந்த எண் ஏறும். முதல் அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு நன்றாகவே நடக்கிறது என்று அர்த்தம். எல்லாத் தாள்களையும் தேதி வாரியாக ஒரு கவரில் வையுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது

டெங்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வீட்டிலேயே தேறுகிறார்கள். வேலை என்று பார்த்தால் ஓய்வும் தண்ணீரும்தான். பெரியவர்களுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டராவது போக வேண்டும். வெறும் தண்ணீராகவே கொடுக்காமல் ஓ.ஆர்.எஸ்., அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட மோர், இளநீர், பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே மூச்சில் ஒரு சொம்பு கொடுத்தால் வாந்தி வரும். கால்மணிக்கு ஒருமுறை நாலு வாய். பீட்ரூட், மாதுளை, கறுப்பு நிறக் குளிர்பானம் வேண்டாம். வாந்தியோ மலமோ சிவப்பாகவோ கறுப்பாகவோ போனால் அது இரத்தமா, சாப்பிட்டதா என்று தெரியாமல் எல்லோரும் அலறுவீர்கள்.

போக வேண்டிய அளவு தண்ணீர் உள்ளே போகிறதா என்பதைச் சிறுநீரே சொல்லும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். அதையும் காலண்டரில் குறித்து வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கர்ப்பிணிகள், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை, இருதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள், தனியாக இருப்பவர்கள் ஆகியோரை வீட்டில் வைத்துப் பார்ப்பதா வேண்டாமா என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

காய்ச்சல் இறங்கும் நாள்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

வியாழக்கிழமை காலை பையனுக்குக் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டரில் 98.4. அக்கா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு இட்லி ஊற்றினாள். அவன் ஒரு இட்லி சாப்பிட்டான், வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். வயிறு வலிக்கிறது என்று முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு படுத்தான். நான்கு நாளாகத் தூங்காத பிள்ளை, அசதியில் தூங்குகிறான் என்று விட்டுவிட்டோம். பதினொரு மணிக்கு எழுப்பப் போய் கையைத் தொட்டேன். கை சில்லென்று இருந்தது, உள்ளங்கை ஈரம்.

ஆஸ்பத்திரியில் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார் டாக்டர். வெளுத்த நகம் மறுபடி சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனது. இரத்த அழுத்தம் 92க்கு 76. கீழே இருக்கும் எண்ணும் மேலே இருக்கும் எண்ணும் இவ்வளவு நெருங்கக்கூடாது. இடைவெளி 20, அதற்குக் கீழே என்றால் இரத்த ஓட்டம் குறைந்துபோகும் அதிர்ச்சி நிலை (ஷாக்) தொடங்கிவிட்டது. செவ்வாயன்று 37 இருந்த பி.சி.வி. 45 ஆகியிருந்தது. "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களாம்மா? இதுல காய்ச்சல் விடுற அன்னைக்குத்தான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கணும்" என்றார் அக்காவிடம், திட்டாமல்.

காய்ச்சல் தொடங்கி மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் இந்தக் கட்டம் நீடிக்கும். அந்த இரண்டு நாளில் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்:

- விடாத வயிற்றுவலி, அல்லது தொட்டால் வலி
- ஒரு நாளில் மூன்று தடவை, அதற்கு மேல் வாந்தி
- மூக்கு, ஈறில் இரத்தம்; கறுப்பு மலம்; பெண்களுக்கு வழக்கத்துக்கு மேல் இரத்தப்போக்கு
- அளவுக்கு மீறிய சோர்வு, அல்லது இருப்புக் கொள்ளாத படபடப்பு, பேச்சில் குழப்பம்
- கை கால் சில்லிடுவது, எழுந்தால் தலைசுற்றல்
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை
- மூச்சு வாங்குதல், வயிறு உப்புதல்

108க்குக் கூப்பிடலாம். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் தமிழ்நாட்டில் 104.

இந்தக் கட்டத்தில் சரியான அளவில் சலைன் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். கடுமையான டெங்குவைக் கவனிக்காமல் விட்டால் நூற்றுக்கு இருபது பேர் வரை இறக்கக்கூடும், கவனித்தால் அது ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். அவனுக்கு மணிக்கு மணி அளவை மாற்றி ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை சட்டென்று நிறுத்திவிட்டார்கள். "இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்களேன்" என்று மாமா கெஞ்சினார். கசிந்த நீர் தானாக இரத்தக் குழாய்க்குத் திரும்பும் நேரத்தில் மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று விளக்கிய பிறகுதான் அடங்கினார்.

தட்டணு, பப்பாளி இலை, நிலவேம்பு

அதே சனிக்கிழமைதான் தட்டணு மிகக் குறைவாக, 22,000க்கு வந்தது. பி.சி.வி. இறங்கிவிட்டது, பையன் பசிக்கிறது என்றான், சிறுநீர் நன்றாகப் போனது. ஆனால் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் எல்லோரும் அந்த 22,000த்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். இரத்தம் கொடுக்க நாலு பேர் பைக்கில் வந்துவிட்டார்கள். இரத்தக் கசிவு இல்லாதவர்களுக்கு 10,000க்குக் கீழே போனால்தான் தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது இந்திய வழிகாட்டுதல். தேவையில்லாமல் ஏற்றினால் ஒவ்வாமை, நீர் அதிகமாவது போன்ற வேறு தொல்லைகள் வரும். தேறத் தொடங்கினால் தட்டணு தானாக ஏறும். அவனுக்கு மூன்றே நாளில் லட்சத்தைத் தாண்டியது.

பப்பாளி இலைச் சாறு தட்டணுவைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் நீர்க்கசிவு. அதை அந்தச் சாறு தடுப்பதாக நிரூபணம் இல்லை. ஏற்கெனவே குமட்டும் பிள்ளைக்கு அந்தக் கசப்பைப் புகட்டினால் குடித்த கஞ்சியும் வெளியே வரும். நிலவேம்புக் குடிநீரைத் தமிழ்நாடு அரசே 2012இலிருந்து கொடுத்து வருகிறது. எங்கள் வீட்டிலும் குடித்தோம். குடித்துவிட்டோம், இனி இரத்தப் பரிசோதனை எதற்கு என்று இருந்துவிடுவதில்தான் ஆபத்து.

தேறிய பிறகு

உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு, உடம்பெல்லாம் சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். பயப்பட வேண்டாம், தேறுவதற்கான அடையாளம் அது. சோர்வு சில வாரம் இருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், திரும்ப முளைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கேட்டது பரோட்டா. கிடைத்தது ரசம் சாதம்.

ஒருமுறை வந்தால் இனி வராது என்று நினைக்காதீர்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் வாழ்நாள் பாதுகாப்பு. இரண்டாம் தடவை வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருளே புது வைரஸ் நம் உடம்பின் அணுக்களுக்குள் நுழைய உதவிவிடுவதால், நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அதனால் அடுத்த காய்ச்சலில் டாக்டரிடம் "முன்னால் டெங்கு வந்திருக்கிறது, இன்ன வருடம்" என்று சொல்லுங்கள்.

தடுப்பூசி தாமதமாவதற்கும் இதுவே காரணம். நான்கு வகைக்கும் ஒரேயடியாகப் பாதுகாப்புத் தர வேண்டும். டெங்வாக்ஸியா என்ற முதல் தடுப்பூசி, அதற்கு முன் டெங்கு வராத பிள்ளைகளுக்கு நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று தெரிந்து 2017இல் பிலிப்பைன்ஸ் அதை நிறுத்தியது. ஜப்பான் நிறுவனத்தின் கியூடெங்காவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2024 மே மாதம் தகுதிச் சான்று கொடுத்தது. இந்தியாவில் டெங்கிஆல் என்ற தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது, 10,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து. கொசுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் செலுத்தி, டெங்கு வைரஸ் அதற்குள் வளராமல் செய்யும் வழியும் உண்டு. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அப்படிச் செய்து டெங்கு 77 சதவீதம் குறைந்தது. புதுச்சேரியில் இருக்கும் ஆராய்ச்சி மையமும் இதே வகைக் கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறது.

கடைசியாகப் பக்கத்து வீடு. பையனுக்கு டெங்கு என்று உறுதியானதும் பணியாளர்கள் எங்கள் தெருவில் ஐம்பது வீடு பார்த்தார்கள். ஏழு வீட்டில் புழு. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது, சாவி சென்னையில். நாலு வீட்டில் உள்ளே விடவில்லை. காய்ச்சல் வந்த வீட்டுக்காரர் கூடவே போய் நின்றால் மற்ற வீடுகள் கதவைத் திறக்கின்றன என்று அந்தப் பெண் சொன்னார். மறுநாள் நானும் டார்ச்சோடு கிளம்பினேன். முதல் வீட்டு அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்றார். நான் எங்கள் ஃபிரிட்ஜ் தட்டின் ஃபோட்டோவை நீட்டினேன். பார்த்துவிட்டு வழிவிட்டார்.